விதிப் பட்டியலில் இல்லாத க

அந்த ஒலிப்பதிவு மொத்தம் 50 வினாடிதான் ஓடும். நானே உருவாக்கிய ஒரு மொழியில் நான் எழுதிய ஏழு வாக்கியங்களை நண்பர் ஒருவர் வாய்விட்டுப் படித்து அனுப்பியிருந்தார். கூடவே கொடுத்திருந்த 11 உச்சரிப்பு விதிகளில் ஒன்றைக்கூட அவர் மீறவில்லை, வரிக்கு வரி வைத்துச் சரிபார்த்துவிட்டேன். ஆனால் காதில் விழுந்தது என் மொழியே இல்லை. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு செங்கல் எண்ணுவது போல இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபம், அதற்கும் அப்புறம் வந்த ஒரு குடைச்சல் மட்டும் மாதக்கணக்கில் போகவே இல்லை. விதிகளை எல்லாம் ஒழுங்காகப் பின்பற்றியவர் தப்பாகப் படிக்கிறார் என்றால் தப்பு யாருடையது?

சொந்தமாக மொழி செய்து பார்க்கும் கிறுக்கு உள்ளவர்களுக்கு, இதை ஏன் செய்கிறாய் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மொழியின் பெயர் துரகி. ஐந்து உயிர், 11 மெய், மொத்தம் 16 எழுத்து. முதல் விதி, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, எழுதியபடி படி. இரண்டாவது, நெடில் கிடையாது. மூன்றாவது, மெய் இரட்டிக்காது, அதாவது க்க, ப்ப எல்லாம் வராது. மீதி எட்டும் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரலாம் என்பது பற்றிய சில்லறைகள். எழுத்துக்கூட்டல் விஷயத்தில் எனக்கு அவ்வளவு கறார் வரக் காரணம் ஆங்கிலம்தான். தோ, த்ரூ, டஃப், காஃப் என்று நான்கு விதமாகச் சொல்கிற நான்கு சொற்கள் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகிற கூத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த யாருக்குமே, ஒரு மொழியைத் தானே செய்ய வாய்ப்புக் கிடைத்தால் முதல் வேலையாக இதைத்தான் ஒழிக்கத் தோன்றும். விதிவிலக்கே இல்லாத மொழி வேண்டும் எனக்கு. எழுத்துக்குத் தமிழையே எடுத்துக்கொண்டேன். தமிழை எழுதியபடியே படிக்கலாம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போயிருந்தது, அதைவிடப் பத்திரமான எழுத்து வேறு எது என்று நினைத்தேன்.

ஒன்பதாவது விதி

இந்தக் கறார் என் கண்டுபிடிப்பு இல்லை. 1887-இல் வார்சாவில் ஸமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 'நம்பிக்கை கொண்டவர்' என்று பொருள்படும் புனைபெயரில் ஒரு சிறு புத்தகம் போட்டார். அந்தப் புனைபெயரே பிறகு மொழியின் பெயராகிவிட்டது, எஸ்பெராந்தோ. மொத்த இலக்கணமும் 16 விதிகளில் அடங்கும் என்பது அதன் பெருமை. அதில் ஒன்பதாவது விதி, ஒவ்வொரு சொல்லும் எழுதியபடியே படிக்கப்படும் என்கிறது. பத்தாவது, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அவ்வளவுதான், இரண்டே வரி. முதன்முதலாக அதைப் படித்தபோது இந்த மனிதர் நம்ம ஆள் என்று தோன்றியது.

ஆனால் ஒன்பதாவது விதியைக் காப்பாற்ற ஸமென்ஹோஃப் கொடுத்த விலை கொஞ்சமில்லை. 28 ஒலிக்கு 28 எழுத்து வேண்டும், லத்தீன் எழுத்து போதவில்லை. ஆகவே ஐந்து எழுத்துகளுக்குத் தலையில் கூரை போட்டார், ஒன்றுக்குக் கிண்ணம் வைத்தார். அச்சுக்கோப்பவர்களிடம் அந்தக் கூரை எழுத்துகள் இருக்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. கூரைக்குப் பதில் பக்கத்தில் ஒரு 'ஹெச்' போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சலுகை கொடுத்தார். அங்கேதான் சிக்கல். 'ஹெச்' அந்த மொழியில் ஏற்கெனவே ஓர் ஒலி. விமான நிலையத்துக்கான சொல் 'ஃப்ளுக்' என்ற பறப்பும் 'ஹவேனோ' என்ற துறைமுகமும் சேர்ந்தது. நடுவில் இயல்பாகவே 'ஜி'யும் 'ஹெச்'சும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இது கூரை போட்ட எழுத்தா, இரண்டு தனி எழுத்தா? சொல் தெரிந்தவருக்குத்தான் தெரியும். எழுதியபடி படிக்கும் மொழியில், படிப்பதற்கு முன்பே சொல் தெரிந்திருக்க வேண்டும்! கணினிக் காலத்தில் 'ஹெச்'சுக்குப் பதிலாக 'எக்ஸ்' போடும் பழக்கம் பரவியது. எஸ்பெராந்தோவில் 'எக்ஸ்' என்ற எழுத்தே இல்லை, குழப்பம் வராது. பார்க்கத்தான் சகிக்காது.

எழுத்துப் பக்கம் இப்படி என்றால் வாய்ப் பக்கம் இன்னும் வேடிக்கை. 'அறிதல்' என்பதற்கு எஸ்பெராந்தோவில் ஒரு குட்டிச் சொல், நான்கே எழுத்து. முதலில் 'ஸ்', அடுத்த எழுத்து 'த்ஸ்', அப்புறம் இரண்டு 'இ', தனித்தனியாக. ஸ்த்ஸி-இ. சொல்லிப் பாருங்கள். நான் ஒரு வாரம் முயன்றேன், பாம்பு தும்முவது போல வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஒலி என்ற விதிக்கு அந்தச் சொல் முழுக்கக் கட்டுப்படுகிறது, கட்டுப்படாதது என் நாக்கு. கூரை போட்ட 'ஹெச்' ஒன்று உண்டு, தொண்டையைக் காறுவது போன்ற ஒலி. அதை நிறையப் பேருக்குச் சொல்ல வரவில்லை, காலப்போக்கில் பல சொற்களில் அந்த இடத்தில் சாதாரண 'க்' வந்து உட்கார்ந்துவிட்டது. விதியை யாரும் திருத்தவில்லை, சொற்களையே மாற்றிக்கொண்டார்கள். இதையெல்லாம் அப்போது நான் சுவாரசியமான துணுக்குகளாகத்தான் சேர்த்து வைத்தேன். என் மொழியில் கூரையும் கிடையாது, ஸ்த்ஸியும் கிடையாது, எனக்கென்ன கவலை.

எத்தனையாவது விதி அது?

நண்பரைப் பற்றி ஒரே ஒரு விவரம் போதும். அவருக்குத் தமிழ் தெரியாது. இதே கிறுக்கு உள்ளவர் என்பதால், என் மொழியைப் படிப்பதற்காகவே ஒரு வார இறுதியில் தமிழ் எழுத்துகளை மட்டும் அட்டவணை பார்த்துக் கற்றுக்கொண்டார். இதைவிட நல்ல பரிசோதனை ஆள் கிடைக்க மாட்டார் என்று எனக்குப் பரம சந்தோஷம்.

அவர் படித்த முதல் வாக்கியம் இது: 'மெல சபன வரு துரகி.' ஆறு இரவில் தனியாகப் பேசும் என்று பொருள். என் மனதில் இது ஒரு மென்மையான வாக்கியம். நீங்கள் இப்போது மனதுக்குள் படித்தீர்களே, கிட்டத்தட்ட அப்படித்தான் நானும் படிப்பேன். அவர் வாயில் அது எப்படி வந்தது என்று எழுதிக் காட்ட வேண்டுமானால் 'மெல ச்சப்பன வரூ துரக்கி' என்றுதான் எழுத வேண்டும். இதை எழுதும்போதுதான் உறைத்தது, அவர் சொன்னதை எழுத எனக்கு இரட்டித்த மெய்யும் நெடிலும் தேவைப்படுகின்றன. என் மொழியில் இரண்டுக்கும் தடை. அவர் எதையும் இரட்டிக்கவும் இல்லை. க என்றால் 'க்' என்று அட்டவணை சொன்னது, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று நான் சொன்னேன், அவர் எல்லா இடத்திலும் ஒரே 'க்' போட்டார். அதைக் கேட்ட என் தமிழ்க் காதுதான் இரண்டாக எண்ணியது.

உடனே அழைத்தேன். துரகியில் வருகிற க கொஞ்சம் மெதுவாக வர வேண்டும் என்றேன். ஏன், கனபெ என்ற சொல்லில் அழுத்தித்தானே சொல்லச் சொன்னீர்கள் என்றார். அது சொல்லின் முதல் எழுத்து, இது நடுவில் வருகிறது என்றேன். சரி, அப்படியானால் லன்கி? அதுவும் நடுவில்தானே? அது வேறு, அங்கே ன் இருப்பதால் க இன்னும் அதிர்ந்து வரும், அந்த ன்கூட ன் மாதிரி வராது, மூக்குக்குள் பின்னால் போய்விடும், ஏறக்குறைய லங்கி. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பேனா மூடியைத் திறக்கும் ஒலி மட்டும் கேட்டது. அப்புறம் மிகப் பணிவாகக் கேட்டார்: "இது எத்தனையாவது விதி? என்னிடம் இருக்கும் தாளில் 11 தான் இருக்கிறது."

என்னிடமும் 11 தான் இருந்தது. இருந்தும் அந்த விதிகள் எல்லாம் என் வாயில் இருந்தன, ஒரு தடவைகூடப் பிசகாமல். தொண்டைக் குழியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'மக்கள்' என்று சொல்லுங்கள், க்க வரும் இடத்தில் அதிர்வு நின்றுவிடும். 'தங்கம்' சொல்லுங்கள், அதிர்வு நிற்காமல் ஓடும். 'பகல்' சொன்னால் இரண்டும் இல்லாமல் காற்று உரசிக்கொண்டு போகும். ஒரே க, மூன்று ஒலி. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்த ஞாபகம் இல்லை, சொல்லித் தர அவசியமும் இருந்ததில்லை. சரி, சொல்லின் முதலில் அதிராது, நடுவில் அதிரும், அதையே விதியாக எழுதிவிடலாம் என்று பார்த்தால் அதுவும் நிற்கவில்லை. கோடு, கோபுரம் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஒரே ஒலியில் தொடங்குவதில்லை. ஐயோ பாவம் என்பதில் வரும் பாவமும் நடனத்தில் வரும் பாவமும் எழுத்தில் ஒன்று, வாயில் வேறு. தமிழை எழுதியபடி படிக்கலாம் என்பது உண்மைதான், ஏற்கெனவே தமிழ் தெரிந்தவருக்கு. விமான நிலையத்தைப் பார்த்துச் சிரித்த எனக்கு இது வேண்டும்.

வரு என்பதை அவர் வரூ என்று இழுத்ததற்கும் அதே கதைதான். உதட்டைக் குவித்து, அட்டவணையில் உள்ள உ-வை உள்ளபடியே சொன்னார். எனக்கு அந்தக் கடைசி உ பாதிதான் வர வேண்டும், உதடு குவியாமல், பட்டும் படாமல், காது, பாட்டு என்பவற்றின் கடைசியில் வருவது போல. இதற்குத் தமிழில் பெயரே உண்டு, குற்றியலுகரம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்தது. தொல்காப்பியர் அதைச் சார்ந்து வரும் மூன்று எழுத்துகளில் ஒன்றாக எண்ணி, அதன் புணர்ச்சிக்கென்று ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார். இன்னொரு கொசுறு, இலக்கணப்படி பார்த்தால் வரு என்பதில் வருவது குற்றியலுகரமே இல்லை, அந்த உ வல்லின மெய்மேல் ஏறி வந்தால்தான் குறுகும். ஆக, நான் தமிழ் இலக்கணத்தையும் பின்பற்றவில்லை, என் விதியையும் பின்பற்றவில்லை. என் வாய் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது, நான் அதற்கு மொழி என்று பெயர் வைத்திருந்தேன்.

வாயை முன்பே எண்ணிப் பார்த்தவர்கள்

அதன்பிறகு மற்றவர்கள் செய்த மொழிகளின் உச்சரிப்புப் பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன், இந்த முறை வேறு கேள்வியோடு. எந்த ஒலி என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யாருடைய வாயை நினைத்து இதை எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். வோலாபுக் என்ற மொழியை 1879-இல் தொடங்கிய ஷ்லையர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், சீனர்களுக்கு 'ர்' சொல்ல வராது என்று நினைத்து அந்த ஒலியை ஏறக்குறைய முழுதாகவே ஒதுக்கி வைத்தார். அதே மனிதர் தம் தாய்மொழியில் உள்ள, புள்ளி வைத்த மூன்று உயிர் எழுத்துகளை மட்டும் தாராளமாக உள்ளே விட்டார். அவை யாருக்குக் கஷ்டம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. முன்பு இதைப் படித்தபோது எள்ளலாகச் சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், தாம் உருவாக்கிய க்வென்யா மொழிச் சொற்களின் கடைசியில் வரும் ஆங்கில 'ஈ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார். க்வென்யாவுக்கு அந்தப் புள்ளி தேவையே இல்லை, அங்கே அந்த எழுத்து எப்போதும் ஒலிக்கும். ஆங்கிலம் படித்துப் பழகியவர் சொல்லின் கடைசியில் அதைப் பார்த்தால் விழுங்கிவிடுவார், அவரை நிறுத்தத்தான் புள்ளி. மொழிக்காக இல்லாமல் படிக்க வருகிறவரின் கெட்ட பழக்கத்துக்காக வைத்த குறி. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

'ஸ்டார் ட்ரெக்' கதைகளில் வரும் வேற்றுக்கிரக இனத்தின் மொழியான க்ளிங்கன் இன்னும் ஒருபடி மேலே. அதைச் செய்த மார்க் ஓக்ராண்ட் மொழியியல் படித்தவர், மனிதர்கள் பேசுவது போல இருக்கக் கூடாது என்றே ஒலிகளைக் கோணலாகப் பொறுக்கினார். சாதாரண 'க்' கிடையாது, ஆனால் அதற்குப் பின்னால் தொண்டையில் பிறக்கும் 'க்யூ' இரண்டு வகை உண்டு. சிறிய எழுத்தில் எழுதினால் ஒன்று, பெரிய எழுத்தில் எழுதினால் வேறொன்று. பெரிய எழுத்து அங்கே வாக்கியத் தொடக்கத்துக்கான மரியாதை இல்லை, அது தனி ஒலி. அதன் பெரிய 'டி' நமக்கு வண்டியில் வரும் டி-யேதான், அந்த ஒரு இடத்தில் மட்டும் நமக்குப் பயிற்சியே வேண்டாம். ஆனால் என்னை உட்கார வைத்தது 1985-இல் வந்த அவருடைய அகராதியின் உச்சரிப்புப் பகுதி. சில க்ளிங்கன்கள் 'ப்' ஒலியை 'ம்ப்' போலவும் அந்த 'ட்' ஒலியை 'ண்ட்' போலவும் சொல்வார்கள் என்று சாவகாசமாக எழுதி வைத்திருக்கிறார். பேச ஆளே இல்லாத மொழிக்கு வட்டார வழக்கு! யாராவது தப்பாகச் சொல்வதற்கு முன்பே அந்தத் தப்புக்கு ஓர் ஊர் ஒதுக்கிவிட்டார்.

டோக்கி போனாவில் அதுவும் தேவைப்படவில்லை. சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட மொழி, 14 எழுத்து, சுமார் 120 சொல். அதில் 'ப்' ஒலியை அதிர்த்துச் சொன்னாலும் சரி, அதிர்க்காமல் சொன்னாலும் சரி, 'த்', 'க்' மூன்றுக்கும் அப்படித்தான், பொருள் மாறாது, சொல்பவருக்கு எது வசதியோ அது. இதைப் படித்தபோது உள்ளுக்குள் ஒரு சின்னப் பொறாமை. நான் தெரியாமல் செய்துவிட்டு மறைத்ததை அந்த அம்மா தெரிந்தே செய்து வெளிப்படையாக எழுதிவிட்டார். லோஜ்பானிலும் இந்தத் தாராளம் உண்டு. அதில் ஒற்றை மேற்கோள்குறிதான் 'ஹ்' ஒலி, அது வராவிட்டால் அந்த மொழியில் வேறெங்கும் பயன்படாத இன்னோர் உரசொலியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

அழுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்பெராந்தோவில் கடைசிக்கு முந்தைய அசை, வோலாபுக்கில் கடைசி அசை, டோக்கி போனாவில் முதல் அசை. மூவரும் மறக்காமல் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. நண்பர் அந்தப் பதிவில் துரகியின் ர-வை ஓங்கி அடித்திருந்தார். செங்கல் எண்ணுவது போல இருந்ததில் பாதிக் காரணம் அது என்பது பல நாள் கழித்துத்தான் பிடிபட்டது.

விதி 12 முதல் 19 வரை

இரண்டு வழி இருந்தது. டோக்கி போனா மாதிரி எல்லாவற்றையும் திறந்துவிட்டு, க-வை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் முடிக்கலாம். இல்லாவிட்டால் என் வாயில் இருப்பதை எல்லாம் தோண்டி எடுத்து எழுதலாம். முதல் வழிதான் புத்திசாலித்தனம், ஆனால் துரகியை துரக்கி என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே தோண்டினேன். என் குரலையே பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு க, ச, த, ப-வும் எங்கே எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டு போனேன். மூன்று வாரம் ஆயிற்று. எட்டு விதி தேறியது. முதல் விதியான ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்பதை அடித்துவிட வேண்டியதாயிற்று, ஏனென்றால் புதிதாக வந்த எட்டில் ஆறு அதை மீறுவதற்கான விதிகள். இப்போது தாளில் விதி 2-இல் இருந்துதான் தொடங்குகிறது. எண்களை மாற்றவில்லை, சோம்பல் பாதி, தண்டனை பாதி.

புதுத் தாளை நண்பருக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து இரண்டாவது பதிவு வந்தது. இந்த முறை 'மெல சபன வரு துரகி' என்பது ஆறு போலவே இருந்தது. என்னை மாதிரி இல்லை, ர-வில் இன்னும் அவருடைய சொந்த வளைவு ஒன்று இருந்தது, ஆனால் யார் கேட்டாலும் அது அந்த மொழிதான் என்று சொல்லலாம். லன்கியை லங்கி என்று அழகாகச் சொன்னார். மென்மையாக்கும் விதிகளை ஆர்வத்தில் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டார் போல, கடைசி வாக்கியத்தில் வரும் கனபெயின் முதல் க-வையும் அதிரவிட்டார், கோபுரத்தில் வருகிற க போல. விதி 12-இன்படி அது பச்சைத் தப்பு, சொல்லின் முதலில் அதிரக் கூடாது என்று நானே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

கனபெ என்றால் இடி. அவர் சொன்ன மாதிரியே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், என்னுடையதைவிட அதுதான் இடி மாதிரி இருந்தது. அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தாளை எடுத்து, கனபெக்குப் பக்கத்தில் பென்சிலால், 'இது மட்டும் அதிரும்' என்று எழுதி வைத்தேன்.